உன் நூலை யாரு கேட்டா

மே 4, 2025, ஞாயிறு

அமராவதி அணை வரைக்கும் போய்விட்டு வந்தோம். டூரிங் பைக் வாங்கி ஐந்து மாதத்தில் இது எட்டாவது ஞாயிற்றுக்கிழமை சவாரி. இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியும் தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. வண்டி எண்பதைத் தாண்டினால் யாரோ ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. வலது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம், சாப்பிட்டு முடித்தும் நிற்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பின்னாடி மெத்தையில உக்காந்துட்டு வர்றவளுக்கு என்ன கேடு?" என்றார்.

என்ன கேடு என்று எனக்குத் தெரியும். முன்கண்ணாடி அவர் உயரத்துக்குத்தான் சரி. காற்று அதில் மோதி, மேலேறி, அவர் தலையைத் தாண்டி நேராக என் முகத்தில் இறங்குகிறது. பின் சீட் உயரம். அதோடு நான் அவரைவிட இரண்டு அங்குலம் உயரம். பதினெட்டு வருஷமாக இந்த இரண்டு அங்குலத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை மகுடேஸ்வரன் ஒரு பலகை மேல் நிற்கிறார். பலகை தெரியாதபடி போட்டோவை வெட்டியிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் எனக்கு இந்தக் காதின் ஜவ்வைத் தைத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றே அப்பா சொல்லிவிட்டார், இவருக்கு மறந்திருக்காது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். நாள் பூராவும் வெளிநாட்டு பையர்களோடு போனில் பேசுவதுதான் என் பிழைப்பு. காது போனால் வேலை போகும். வேலை போனால் இவருக்குச் சந்தோஷம்.

மே 11

இவருடைய ரைடர் கிளப் தலைவர் செந்தில்வேல் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். காற்று கண்ணுக்குத் தெரியாது, நூல் தெரியும். விரல் நீளத்துக்கு நூலை வெட்டி ஹெல்மெட்டிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டு ஓட்டினால் எங்கே காற்று அடிக்கிறது, எங்கே அடிக்கவில்லை என்று காட்டிவிடுமாம். பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கு நூலுக்கா பஞ்சம்? ஒரு சிவப்பு கோனையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஹெல்மெட்டின் பின்பக்கம் ஆறு, தோளில் நாலு. மிச்சம் இருந்ததை என் ஹெல்மெட்டில் ஒட்டினார். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதே. "நீ பாத்துச் சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை.

தாராபுரம் ரோட்டில் தொண்ணூறில் போனோம். அவருடைய பத்து நூலும் தூங்குகிற பிள்ளை மாதிரி கிடந்தன. என் நெற்றி நூல் கண்ணுக்கு முன்னால் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. வண்டியை நிறுத்தியதும் உள்ளதைச் சொன்னேன். "உங்களுது ஆடவே இல்லீங்க. என்னுதுதான் பிச்சுக்கிட்டுப் போகுதுங்க."

"என் நூலு எப்படின்னுதான் கேட்டேன். உன் நூலை யாரு கேட்டா?"

மே 13

ஙொய்.

மே 18

இன்று பொய் சொன்னேன். அவர் நூல் ஆடினால்தானே கண்ணாடியை மாற்றுவார்?

அதே ரோடு, அதே கண்ணாடி. டீக்கடையில் நிறுத்தி, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"ஆடுதுங்க."

"போன வாரம் ஆடலேன்னே?"

"இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குதுங்க."

நூல் அசையக்கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், நான் சொன்ன பிறகு அவருக்கும் தலை ஆடத் தொடங்கிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில், "ஆமா நித்யா, இப்பத்தான் தெரியுது" என்கிறார்! ஹெல்மெட்டில் ஒரு சௌகரியம், உள்ளே சிரித்தால் வெளியே தெரியாது.

ஜூன் 1

கோயம்புத்தூர் போய் உயரமான கண்ணாடி வாங்கி வந்தார். ஆடுதுங்க என்றேன்.

ஜூன் 8

மேல்விளிம்பு வளைந்த கண்ணாடி. பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது. ஆடுதுங்க.

இரவு கழுத்து வலிக்கிறது என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக அவருக்கு எதையும் செய்து வெகுநாள் ஆயிற்று.

ஜூன் 22

செந்தில்வேல் சொன்னார் என்று இன்று ஒரு குட்டைக் கண்ணாடி. நெஞ்சு வரைக்கும்தான் வருகிறது. காற்று இரண்டு பேர் மேலேயும் நேராக அடித்தது. தள்ளியது, ஆனால் உலுக்கவில்லை. அவர் நூலும் என் நூலும் பின்பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றன. காங்கேயத்தில் இறங்கியபோது காதில் சத்தமே இல்லை. எவ்வளவு நாளைக்கு அப்புறம்! வாயை மூடிக்கொண்டு இத்தோடு விட்டிருக்க வேண்டும். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

டிபன் சாப்பிடும்போது கிளப் ஆட்கள் அத்தனை பேர் முன்னால் ஆரம்பித்தார். "நம்மூட்டுக் கொடிக்கம்பம் இருக்குதே, மழை வந்தா மொதத் துளி இவ தலைலதான் உழும்." எல்லோரும் சிரித்தார்கள். செந்தில்வேல் மனைவி கோமளாவும்தான். "ஆடி கழியறதுக்குள்ள வேலையை உட்டுருன்னு சொல்லிட்டேன். போன்ல தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுனது போதும்." அதற்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "இருக்கறதுலயே இதுதானுங்க மோசம்" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும்.

ஜூலை 6

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அய்யாசாமி என்று ஒருவர் அக்ரிலிக் ஷீட்டைச் சூடாக்கி வளைத்து வண்டிக் கண்ணாடி செய்து கொடுக்கிறார். இவரை வண்டியில் உட்கார வைத்து மூக்குக்கும் நெற்றிக்கும் அளவெடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மிணி, பின்னாடி உக்கார்ற உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?" என்றார்.

"அவளுக்கென்னங்க, ஜம்முனு வர்றா" என்று இவரே பதில் சொன்னார்.

அய்யாசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட ஒரே மனுஷன். உண்மையைச் சொன்னால் ஏழு வாரப் பொய்யும் வெளியே வந்துவிடுமே? ஆமாங்க என்று தலையாட்டிவிட்டேன்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கேத்தனூர் காற்றாலைப் பக்கம் போனோம். புதுக் கண்ணாடி. வண்டியின் பக்கவாட்டில் ஒரு கம்பி கட்டி நுனியில் சின்ன கேமரா மாட்டியிருந்தார். கிளப் வீடியோவுக்கு என்றார். நம்பினேன். வழக்கம்போல ஆடுதுங்க என்றேன்.

சாயங்காலம் செந்தில்வேலையும் கோமளாவையும் வீட்டுக்கு வரச்சொல்லி டிவியில் போட்டார். அவர் முதுகில் பத்து சிவப்பு நூல், ஒன்றுகூட அசையவில்லை. அவருக்குப் பின்னால் நான். பூம்பூம் மாட்டுத் தலை மாதிரி ஆடிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. என் நூல் இருக்கும் இடமே தெரியவில்லை, அவ்வளவு வேகமாக அடித்தது. அவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. பின்னோக்கி ஓட்டி இன்னொரு தடவை போட்டார்.

அவர்கள் போன பிறகு, "எத்தனை வாரமா பொய் சொல்றே?" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"சரி. இதுதான் எனக்கு ஏத்த கண்ணாடி. இனி மாத்த மாட்டேன். நூலும் வேண்டாம், நீ சொல்லவும் வேண்டாம். பின்னாடி உக்காந்து வந்தாப் போதும்."

என் தலை ஆடியதைப் பார்த்த பிறகு சொல்கிறார். இரண்டு தடவை பார்த்த பிறகு! ஏண்டி, அந்தக் குட்டைக் கண்ணாடியோட வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?

ஜூலை 27

வரமாட்டேன் என்றால் அவர் ஜெயித்ததாகிவிடும். போனேன். வீம்புக்கு.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

திருமூர்த்தி மலை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உடுமலை ரோட்டில் என் காதுக்குள் என்னவோ பட்டென்று அறுந்தது. முதுகில் தட்டினேன். ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினார்.

ஆகஸ்ட் 4

ஆபீசில் ஜூனியர் பெண் யாழினி போன் செய்தாள். வலது காதில் வைத்திருந்தேன். வாய் திறக்காமல் விளையாடுகிறாள் என்று நினைத்துத் திட்டினேன். இடது காதுக்கு மாற்றினால், பாவம், பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 9

டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். ரிப்போர்ட்டில் ஒரு கோடு, பாதி வரை நேராகப் போய் அப்புறம் சரிந்து இறங்குகிறது. தைத்த ஜவ்வு மறுபடி கிழிந்திருக்கிறதாம், உள் நரம்பும் அடிபட்டிருக்கிறதாம். ஜவ்வைத் தைக்கலாம், நரம்பு திரும்பாது. "மெல்லிசான குரல் இந்தக் காதுல கேக்காதுங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க குரல். கனமான ஆம்பளைக் குரல் பக்கத்துல நின்னு பேசுனாக் கேக்கும்" என்றார்.

போயும் போயும் இவர் குரலா மிச்சம்?

ஆகஸ்ட் 10

ரிப்போர்ட்டைக் காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை.

"இதுவும் அந்த 'ஆடுதுங்க' மாதிரிதானே?"

"இல்லீங்க. நெசமாலுமே..."

"அன்னைக்கும் இதே மூஞ்சியோடதான் சொன்னே."

அதே மூஞ்சிதான்.

ஆகஸ்ட் 21

பையர் கால் எல்லாவற்றையும் யாழினிக்கு மாற்றிவிட்டார்கள். நான் சாம்பிள் ரூமில் துணி மடிக்கலாமாம். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இவர் அல்வா வாங்கி வந்தார். சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24

இவர் இல்லாத நேரத்தில் கோமளா பார்க்க வந்தாள். ரொம்ப நேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க நித்யா, காதுல பஞ்சு வெச்சுக்கலீங்களா? சித்திரையிலயே எல்லா ஜோடிக்கும் ரெண்டு ரெண்டு செட்டுக் குடுத்தமே. ஆரஞ்சுக் கலருல, அமுக்கி வெச்சா உள்ள விரியுமே. அது இல்லாம காத்துல போகவே கூடாதுங்க."

அவள் போனதும் இவருடைய ரைடிங் ஜாக்கெட்டைத் துழாவினேன். உள்பையில் ஒரு சின்ன டப்பா. இரண்டு ஜோடி. இரண்டிலும் அழுக்கு. ஒன்று அழுக்கானால் இன்னொன்று, மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். சித்திரையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும். உலுக்கி உலுக்கி என் காது அறுந்தபோதும் அவர் காதில் பஞ்சு இருந்திருக்கிறது. என் பஞ்சும் அவர் காதில்.

அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. டப்பாவை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கிளப்போடு தனுஷ்கோடி கிளம்பினார். போக வர எழுநூறு கிலோமீட்டர். என்னைக் கூப்பிடவில்லை. ஜாக்கெட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு உள்பையைத் தடவினார், மறுபடியும் தடவினார்.

"இதுல ஒரு டப்பா இருந்துச்சே, பாத்தியா?"

என் வலது பக்கம் நின்றிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையசைத்தேன். கத்திக் கேட்டார். முழித்தேன். வெளியே செந்தில்வேல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத்தான் நம்பினார். "செவுடு" என்று முனகிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார். அதுவும் கேட்டது.

டப்பா இந்த டைரிக்கு அடியில் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் இன்றும் நாளையும் பலத்த காற்று அடிக்கும் என்று டிவியில் சொன்னார்கள். சமையல் ஒருத்திக்கு மட்டும்தான். ரசம் வைத்தேன்.