முத்திரை அழிந்த கை

5.12.87, சனி. ரா.பாளையம்

காலையிலிருந்து தூறல். மதுரையிலிருந்து நானும் அந்தோணியும் பஸ்ஸில். ஆபீசிலும் பக்கத்து நாற்காலி, இங்கேயும் பக்கத்து சீட். ஜன்னல் அவனுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, காசிம் வீட்டுக்குப் பால்கோவா.

காசிம் கல்லூரித் தோழன். இப்போது அவன் அப்பாவின் சைக்கிள் கடையில். அத்தா என்றுதான் கூப்பிடுவான். நாளை தேவதானத்தில் ஓட்டப் பந்தயம். நாலு வருடமாக இரண்டாவதாகவே வருகிறான். எங்கள் பேரையும் கேட்காமலே கொடுத்துவிட்டான், படுபாவி.

சாப்பிடும்போது அத்தா: "இந்தத் தடவையும் செயிக்கலேன்னா சூவத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுக் கடையப் பாக்கணும். என்ன தம்பி, நாஞ் சொல்றது?" நான் சிரித்துவைத்தேன். கா. தட்டைவிட்டு நிமிரவில்லை.

கொண்டுவர மறந்தவை: துண்டு, சோப்பு, சூ லேஸ்.

6.12.87, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். எட்டரைக்கு ஆரம்பம். எனக்கு முதல் பரிசு. சுவர்க் கடிகாரம். கா. வீட்டில் மட்டன் குழம்பு, இறங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தோணி (கடைசிக்கு முந்தின ஆள்): "ஏலே, செயிச்சவன் மூஞ்சியா இது?"

எழுத ஓடவில்லை.

7.12.87, திங்கள். மதுரை

ஆபீசில் அந்தோணி சொல்லிவிட்டான். எல்லாரும் லட்டு கேட்டார்கள். தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து மாந்தோப்பு வரை போய், கண்மாய்க்குள் இறங்கித் திரும்ப வேண்டும். தோப்பில், பந்தயம் நடத்தும் மன்றத்து ஆள் ஒருவர் உள்ளங்கையில் ஊதா மை முத்திரை குத்துவார். பாதியில் திரும்பாமல் முழுத் தூரமும் ஓடியதற்கு அதுதான் அத்தாட்சி. கா. முதலில். வலது கையை நீட்டினான். குத்தியதைப் பார்த்தேன். பளிச்சென்று, வட்டத்துக்குள் நட்சத்திரம். அடுத்து நான். லேஸ் இல்லாத சூ கழன்று கழன்று விழுந்ததால் அதை வலது கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனவே எனக்கு இடது கையில்.

கண்மாயில் சகதி. தொடை வரை புதைந்துவிட்டேன். எங்களுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நான் கத்தியதும் திரும்பி வந்தான். "காலை ஆட்டாத, இன்னும் உள்ள போயிருவ. கையக் குடு." சூவைக் கரைக்கு எறிந்துவிட்டு வலது கையைக் கொடுத்தேன். அவனும் வலது கையால் இழுத்தான். இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவதில் வந்தேன். அவனுக்கு முழங்கை வரை சேறு. வாய்க்காலில் கழுவிக்கொண்டு ஓடினான். அப்படியும் எனக்குப் பத்தடி முன்னால் முடித்தான்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் கை காட்டச் சொன்னார்கள். என் இடது கையில் முத்திரை அப்படியே. அவன் கை வெறுங்கை. கா. சிரித்துக்கொண்டே, "இவன இழுத்துவிட்டதுல அழிஞ்சிருச்சு. எம் பின்னாலதான நின்னான், கேளுங்க" என்றான். முத்திரை குத்தியவரோ, "அம்புட்டுப் பேருக்கும் கையத்தான பாத்துக் குத்துனேன். யாருன்னு சொல்ல?" என்று கைவிரித்தார். மன்றச் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீகளா தம்பி?"

"இழுத்துவிட்டான். முத்திரைய கவனிக்கல."

ஏன் சொன்னேன்? பள்ளியிலும் கல்லூரியிலும் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. ஒரே ஒரு தடவை என்று வாய் முந்திக்கொண்டது. சீ!

அத்தா கூட்டத்தில் வைத்தே, "ஏமாத்தித்தான் செயிக்கணுமாலே?" என்று கேட்டார். சாயங்காலம் கடிகாரத்தை சைக்கிள் கேரியரில் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை தள்ளிக்கொண்டு வந்து, "பாத்து, கண்ணாடி" என்று என் மடியில் வைத்தவனும் கா.தான்.

11.12.87, வெள்ளி

சட்டை இஸ்திரிக்கு. சூவில் சேறு காய்ந்து அறையெல்லாம் உதிர்கிறது. கடிகாரம் கட்டிலுக்கு அடியில், பிரிக்காமல்.

கா.விடமிருந்து இன்லண்டு லெட்டர்:

"மாப்ள, சூ பரண் ஏறியாச்சு. அது போகட்டும். நான் பாதியிலயே திரும்பிட்டேன்னு அத்தா நம்புறாக. பஞ்சர் ஒட்ட வர்றவுககிட்ட எல்லாம் சொல்றாக. அதான் தாங்க முடியல. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. பாத்திருந்தா சொல்லாமயா இருந்திருப்ப?"

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். திட்டியிருக்கக் கூடாதா!

14.12.87, திங்கள்

மறுபடி தூறல். கவரில் போட மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கவர் என்றால் கா. மட்டும் படிப்பான். படித்துவிட்டு யாரிடமும் காட்டமாட்டான், எனக்காக. எனக்கு அவனைத் தெரியும். ஆகவே தபால் கார்டு. கடை விலாசத்துக்கு, அத்தா பேரில். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களும் படிக்கட்டும்.

"காசிம் கையில் முத்திரை இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை கடிகாரத்துடன் வருகிறேன்."

நாலு மணிக்குப் பெட்டியில் போட்டேன். அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. நாலரைக்குத் தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். என் கார்டுதான் எல்லாவற்றுக்கும் மேலே, எழுத்துத் தெரிய. கையில் எடுத்தார். படித்தார். பக்கத்தில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது நீங்க போட்டதா சார்?"

ஆமாம் என்றேன்.