உங்கள் ஆயிலும் என் ஆயிலும்

அண்ணா,

இன்று காலை ஒரகடத்தில், மகளின் ஸ்கூட்டரை மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோயிருந்தோம். ஆயில் குறைந்திருந்தது. "நீங்க போடற கம்பெனி ஸ்டாக் இல்லம்மா. வேற கம்பெனி கீது. ரெண்டும் ஒரே நம்பர் தான், மேல ஊத்திடட்டா?" என்று கேட்டார் மெக்கானிக். நான் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் மிரண்டே போனார். நீங்கள் இருந்திருந்தால் அவர் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கியிருப்பீர்கள்.

சேரப்பணஞ்சேரியில் நமக்குள் இருந்த உறவு ஒரு கிணறும் ஓர் ஆயில் இன்ஜினும்தான். ஆளுக்குப் பாதி. அறுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் பங்கை நான் பார்த்துக்கொண்டேன். இன்ஜின் ஆயிலில் மட்டும் நீங்கள் ஒரு கம்பெனி, நான் வேறு கம்பெனி. "ரெண்டும் சேந்தா பாலு மாதிரி திரிஞ்சிக்கும் தங்கச்சி. அப்புறம் இன்ஜினு ஜாம் தான்" என்பீர்கள். அதனால் தண்ணீர் பாய்ச்சும் உங்கள் முறை முடிந்ததும் உங்கள் ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்து, டின்னில் பிடித்து, வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போவீர்கள்! ஊரே சிரித்தது. உங்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. எனக்கு மட்டும் என்ன புத்தி இருந்தது, நானும் அப்படியேதான் வடித்தேன்.

ஒரு வருஷம் பங்குனி வெயிலில் நெல் பால் பிடித்து நின்றது. அன்று என் முறை. டின்னைத் திறந்தால் அடியில் துருப்பிடித்து ஓட்டை. பாதி ஆயில் ஒழுகிப் போயிருந்தது. மிச்சத்தை இன்ஜினில் ஊற்றினேன், போதவில்லை. படப்பைக் கடையில் என் கம்பெனிச் சரக்கு வரவில்லை. நீங்கள் குன்றத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். முறை தவறினால் நாலு நாள் கழித்துத்தான் தண்ணீர். பயிர் தாங்காது. அந்த நெல் போனால் என் பிள்ளைகளுக்குச் சோறு கிடையாது.

நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி உங்கள் டின்னை எடுத்துக் கையில் கொடுத்தார். "எட்துக்கினு போ. அந்த ஆளு வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு டின்னிலும் முப்பது என்றுதான் போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. என் ஆயிலை வடிக்க நேரமில்லை, அதன் மேலேயே ஊற்றிவிட்டேன். ஹேண்டிலைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினேன்.

பாதி வயல் பாய்ந்திருக்கும். அண்ணி சொல்லக் கேட்டு, கல்யாண வேட்டியோடு நீங்கள் மூச்சிரைக்க வந்து நின்றீர்கள்.

"கலந்துட்டியாமே?"

"ஆமாண்ணா. வேற வழி தெரியல."

இன்ஜின் பக்கத்தில் குந்தி, தலையைச் சாய்த்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டு மணி நேரம். எல்லாம் முடிந்ததும் அளவுக் கம்பியை உருவி, ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து, "திரியல" என்றீர்கள். என்னவோ ஏமாந்துபோனவர் மாதிரி! அதற்குப் பிறகு நாம் இருவருமே வடிக்கவில்லை. அந்த நம்பர் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டுவது, அது ஒன்றாக இருந்தால் அவசரத்துக்குக் கலக்கலாம், ஆயில் குறைவாக ஓட்டுவதுதான் இன்ஜினுக்குக் கேடு என்று இன்றைய மெக்கானிக்கும் சொன்னார்.

இதை எத்தனையோ பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் உங்கள் பயிரும் சேர்ந்து காய்ந்திருக்கும். அது தெரிந்தேதான் ஊற்றினேன். அதற்காக உங்களிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்ஜினை நிறுத்தும் பிடி உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது அண்ணா. திரிந்துவிடும் என்று சத்தியமாக நம்பிய நீங்கள், என் கடைசிப் பாத்தி நனையும்வரை அதைத் தொடவில்லை.