ஒருநாள் விட்டு ஒருநாள்

என் உயிர்த் தங்கச்சி லூர்துவுக்கு, மண்ணுக்கு மேலே இன்னும் சத்தம் போட்டுக்கொண்டு திரிகிற உன் அண்ணன் சவரிமுத்து எழுதுவது.

நலமா என்று கேட்கக் கை தானாக வருகிறது. கேட்டுவிட்டேன், இருக்கட்டும். அங்கே குளிர் இல்லாமல் இருந்தால் சரி.

கல்லறைத் திருநாளுக்கு நம் கோயிலில் நினைவு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்கள். செத்தவர்களைப் பற்றி அவரவர் வீட்டார் எழுதித் தரலாம் என்று பங்குச் சாமியார் பூசையில் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன், அதனால் பதினாறு படித்தவன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேனே. உபதேசியார் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை லூர்து. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் முடிச்சூர் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டேன். யாரும் வரப்போவதில்லை. கால்தான் நிற்கமாட்டேன் என்கிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஜெசிந்தா முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம். மாப்பிள்ளை துபாயில். இவள் காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் அடித்தால் மெஷினில் புகை வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். புகையெல்லாம் வராது. வேகமாக அடிப்பாள், அவ்வளவுதான்.

இன்னொரு சேதி. உனக்கு வந்த அதே தைராய்டு அவளுக்கும் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ இருக்கும்போதே உன் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டியது.

உன் வீட்டுக்காரர் கல்குவாரியில் உயிரை விட்ட மறு வருஷம் அது. நீ குரோம்பேட்டையில் தோல் கம்பெனியில் கையுறை தைத்துக்கொண்டிருந்தாய். நான் தாம்பரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். உனக்கு முகம் ஊதியது. குரல் கட்டையாகிவிட்டது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாய். "இன்னாடி, ஊட்டிக்கா கெளம்பிட்ட?" என்று நான்தான் சிரித்தேன்.

பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை, தினம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஆயுசு முழுக்க என்றார் டாக்டர். நீ வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாய். அந்தத் "தினம்" என்ற வார்த்தையைக் கேட்டது நான் ஒருவன்தான்.

முதல் பாட்டில் மூன்று மாதம் வந்தது. அந்த மூன்று மாதம் நீ எப்படி இருந்தாய் தெரியுமா? முகம் வடிந்து பழைய லூர்து எட்டிப் பார்த்தாள். கோயிலில் உன் குரல் தனியாகக் கேட்டது. கையுறை தைப்பதில் கம்பெனியிலேயே உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றேன். அதில் பொய் கம்மி.

பாட்டில் தீர்ந்தபோது ஐப்பசி மழை. மழையில் யார் வாடகை சைக்கிள் எடுப்பார்கள்? மருந்துக் கடைக்காரன் உதிரியாகத் தரமாட்டேன், நூறு மாத்திரை பாட்டிலாகத்தான் என்றான். பல்லாவரம் போனேன், சைதாப்பேட்டை போனேன், எல்லா இடத்திலும் அதே பேச்சு. கடையில் இருந்த எட்டு சைக்கிளில் இரண்டை விற்று ஒரு பாட்டில் வாங்கினேன். வாங்கிக்கொண்டு நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படி விற்றால் அடுத்த வருஷம் கடையில் காற்றடிக்கிற பம்பு மட்டும்தான் இருக்கும்.

முடியவில்லை லூர்து என்று சொல்லியிருக்கலாம். உன் வாசலுக்கு வந்ததும் என் வாய் என்ன செய்தது?

"இன்னாண்ணா இவ்ளோ நேரம்?"

"பரங்கிமலைக்குப் போயிருந்தேன். அங்க ஒரு டாக்டரு கீறாரு, லண்டன்ல படிச்சவரு. மந்திரி வந்தாகூட டோக்கன் குடுத்து உக்கார வெப்பாரு. என்னைக் கையைப் புடிச்சு உள்ள இட்டுகினு போனாரு."

"உன்னையா?"

"அவரு சைக்கிள் பஞ்சரானப்போ ஒட்டிக் குடுத்தது யாரு?"

"லண்டன் டாக்டரு சைக்கிள்லயாண்ணா வர்றாரு?"

"ஒடம்புக்கு நல்லதுன்னு ஓட்றாரு. உனுக்கின்னா தெரியும்? கேளு. இந்த மாத்திரை குதிரை பலமாம். தெனம் போட்டா ரத்தம் சூடாயிடுமாம். ஒருநாள் வுட்டு ஒருநாள் போட்டா போதும்னு அடிச்சி சொல்லிட்டாரு."

நீ என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாய் என்று நினைத்தேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்போ ஒரு பாட்டிலு ஆறு மாசம் வரும்ணா. உனுக்கும் பேஜாரு இல்ல" என்றாய். அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்?

அதற்குப் பிறகு அந்த டாக்டர் வளர்ந்துகொண்டே போனார். தங்க பிரேம் கண்ணாடி வந்தது. பங்களா வந்தது. பங்களாவில் டைகர் என்று ஒரு நாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் சின்னப் பிள்ளை ஜெசி ஓடி வந்து, "மாமா, டைகர் எப்படி இருக்கு?" என்று கேட்பாள். டைகர் டீயில் பிஸ்கட் தொட்டுத் தின்றது, டைகர் தபால்காரன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று வாரம் ஒரு சேதி கொண்டுவந்தேன். உனக்கு மாத்திரை நாளைக் காலண்டரில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுச் சொல்வது அவள் வேலை. ஒரு நாள்கூட அவள் தப்பவிட்டதில்லை.

நீதான் மறுபடி ஊத ஆரம்பித்தாய். தைக்கிற மெஷினில் தூங்கினாய் என்று நூல் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள், பிறகு அதுவும் இல்லை. நான் "தூங்குமூஞ்சி" என்றேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

காசு இல்லாத அந்த வருஷங்களுக்காக நான் பெரிதாக வெட்கப்படவில்லை லூர்து. சைக்கிளையெல்லாம் ஒவ்வொன்றாக விற்றுத்தான் அந்தப் பாதி மாத்திரையும் வாங்கினேன். வெட்கம் அதற்குப் பிறகுதான். மேடவாக்கத்தில் மனை விற்கிற தரகு வேலைக்கு வந்தேனே, கையில் காசு புரண்டதே, அப்போது. வெறும் வயல்காட்டைக் காட்டி, இங்கே நின்றால் கடல் காற்று வரும் என்றேன். ஜனங்கள் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தார்கள். மொபெட் வாங்கி உன் வாசலில் நிறுத்தித் தெருவே திரும்பிப் பார்க்க ஹாரன் அடித்தேன். அன்றைக்கு என்னால் பாட்டில் பாட்டிலாக வாங்க முடியும்.

ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "டாக்டரு இப்போ தெனம் போடச் சொல்றாரு" என்றேன். நீ சிரித்தாய். "சொன்ன சொல்லு மாறமாட்டாருன்னு நீதானேண்ணா சொன்ன? காசு வந்துட்டுதுன்னு வீம்புக்கு வாங்காத. எனுக்கு இதுவே ஒத்துக்கினு கீது." அதற்கு மேல் உன்னை அசைக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்கழிப் பனியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தூங்கினாய், எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார், "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்று. "ஒருநாள் தவறாம, சார்" என்றேன். உன் கால்மாட்டில் நின்றுகொண்டு சொன்னேன். உனக்குக் காதில் விழுந்ததா? அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது ஊசி போட்டிருப்பார்களா? நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

உன் அடக்கத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ஊருக்குச் சொன்னேன். நாற்பது பேர் இருக்கும்.

இப்போது ஜெசிக்கு வருகிறேன். புரட்டாசியில் ஒருநாள் அவளுக்கு மாங்காய் வாங்கிக்கொண்டு போனேன். சமையலறைக் காலண்டரில் பென்சில் குறி. ஒருநாள் விட்டு ஒருநாள்.

"இது இன்னாம்மா?"

"மாத்திரை நாள் மாமா. அம்மாவுக்குப் போடுவேனே, அதே மாதிரிதான்."

"ஆஸ்பத்திரி டாக்டரம்மா எப்படிச் சாப்பிடச் சொன்னாங்க?"

"தினமும்னுதான் சொன்னாங்க. அவங்க சின்ன வயசு மாமா, இப்பதான் படிச்சிட்டு வந்திருக்காங்க. நம்ம லண்டன் டாக்டர் மாதிரி வருமா?"

அலமாரியைப் பார்த்தேன். இரண்டு பாட்டில் இருந்தது, ஒன்று சீல்கூட உடைக்கவில்லை. காசு இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. நடுவில் நான் கட்டிவிட்ட ஆள் நிற்கிறார்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். தினமும் சாப்பிடாவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கலாம் என்றார்கள். "நானும் படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன், லண்டன் டாக்டர் லண்டன் டாக்டர்ங்கறாங்க. யார் சார் அவர்? பேர் சொல்லுங்க, நானே பேசறேன்." இத்தனை வருஷத்தில் நாய்க்குப் பேர் வைத்தேன், டாக்டருக்குப் பேர் வைக்கவில்லை.

அப்போதாவது திருந்தினேனா? நேராக ஜெசியிடம் போய், "நேத்துதான் லண்டன் டாக்டரைப் பாத்தேன், புள்ளதாச்சிங்க தெனம் போடணுமாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "இன்னும் இருக்காரா மாமா? என்னைக் கூட்டிட்டுப் போ. நானே கேக்கறேன். அம்மாவை இத்தனை வருஷம் காப்பாத்தினவரு, ஒரு தடவை கும்பிட்டுட்டு வரணும்."

இரண்டு நாள் தட்டிக் கழித்தேன். மூன்றாம் நாள் அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அந்த இரண்டு நாளில் ஒன்று மாத்திரை இல்லாத நாள். தாம்பரத்தில் ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கினோம். வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு கேட்டிலும் நின்று, "இதுவா மாமா?" என்றாள். வயல்காட்டில் கடலைக் காட்டியவன் நான். ஒரு வீட்டை என்னால் காட்ட முடியவில்லை. நாய் குரைத்த ஒரு வீட்டு வாசலில் அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள் பார், அந்த முகம் அப்படியே உன் முகம்.

கரும்புச்சாறு வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் நிழலில் அவளை உட்கார வைத்தேன்.

"ஜெசி, டாக்டரு இல்லம்மா."

"வெளிய போயிருக்காரா?"

"எப்பவுமே இல்ல. நான்தான் சொன்னேன். மாத்திரை வாங்க எனுக்கு வக்கு இல்ல. அதச் சொல்ல வாய் வரல. ஒங்கம்மாவுக்கும் தெனம்தான் போடச் சொன்னாங்க."

சாறு பிழிகிற மெஷினின் சத்தம் நின்றது. அப்புறம் கேட்டாள்:

"அப்போ டைகர்?"

நான் தலையை ஆட்டினேன். அவள் அப்போதுதான் அழுதாள். என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் உட்காராமல் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். தாம்பரத்தில் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்மா அதனாலதான் செத்தாங்களா?" அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

அதிலிருந்து மூன்று வாரமாகத் தினம் காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுத் தெருவில் போய் நிற்கிறேன். ஹாரன் அடிப்பதில்லை. ஜன்னல் திறக்கும். மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டுவாள், தண்ணீர் குடிப்பாள், ஜன்னல் மூடும். ஒரு வார்த்தை கிடையாது. மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்து மாதம் அரை மருந்தில் வளர்ந்த பிள்ளை அது. தினமும் சாப்பிட்டால் நல்லபடியாகப் பிறக்கும் என்கிறார்கள் டாக்டரம்மா. நம்புகிறேன். நம்பிக்கொண்டே மறுபடி எழுந்து ரோட்டைப் பார்க்கிறேன்.

இதை மலரில் போடச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உனக்குத்தான் நல்லதைக் கேட்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. உன்கூடக் கையுறை தைத்த பெண்களில் யாருக்காவது இதே வியாதி இருந்து, நீ என் டாக்டரின் யோசனையை அவர்களுக்கும் சொல்லியிருந்தால்? படிக்கிற அம்மாமார்களே, அக்காமார்களே, அப்படி ஒரு டாக்டர் இல்லை. அது சைக்கிள் கடை சவரிமுத்து சொன்னது. உங்கள் டாக்டர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சாப்பிடுங்கள். வாங்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அந்த டாக்டரிடமே சொல்லுங்கள். சொன்னால் வழி பிறந்திருக்குமோ என்னமோ, நான் சொல்லிப் பார்க்கவில்லை.

இன்று காலை தூறல். நனைந்துகொண்டு நின்றேன். ஜன்னல் மூடப் போனது, நின்றது. "நாளைக்குக் குடை எடுத்துட்டு வாங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. நாளைக்கு என்று சொன்னாள்.

குடையைத் தேடி எடுத்து வாசலிலேயே மாட்டி வைத்துவிட்டேன் லூர்து. இரண்டு கம்பி உடைந்திருக்கிறது, லண்டன் குடை என்று யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குப் போவேன். மறுநாளும் போவேன். பிள்ளை பிறந்த பிறகும் போவேன். நடுவில் ஒரு நாளையும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளின் ஜன்னலுக்குக் கீழே நிற்கிற தாய்மாமன்,
உன் அண்ணன் சவரிமுத்து.