உத்தரவுக்கு முன் வந்த தண்ணீர்

இன்று காலை கிடங்கைத் திறந்ததும் ஈரச் சாக்கின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். உன் நினைவு வராமல் எப்படி இருக்கும்?

போன முறை வந்த வெள்ளத்தில் ரேஷன் அரிசி என் பொறுப்பில், வரிச்சிக்குடிக் கிடங்கில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் கூடம் உன் பொறுப்பு. அண்டாவும் அடுப்பும் உன்னிடம். லாரியோ மூன்றாவதாக ஒரு துறையிடம். பக்கத்துப் பூவம் கிராமத்தில் வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். “எழுத்துல உத்தரவு வரட்டும்ங்க” என்பதே எங்கிருந்தும் பதில்.

கிடங்கின் படியைத் தண்ணீர் தொட்டபோது நீ அண்டாக்களை ஏற்றிய லாரியில் வந்து இறங்கினாய். ஓட்டுநரை அவர் வீட்டுக்கே போய் அழைத்து வந்திருந்தாய்.

“நாளைக்கு எங்க ஆபீசர் கேட்டா என்னம்மா சொல்றது?” என்றார் அவர்.

“என் பேரைச் சொல்லுங்கண்ணே. தண்ணி உத்தரவு வாங்கிக்கிட்டா வருது?” என்றுவிட்டு என்னிடம் திரும்பினாய். “ஏன்டி மரமாட்டம் நிக்கிற? மூட்டைய ஏத்தச் சொல்லு.”

பூவம் சாலையில் லாரி நின்றுவிட்டது. மீதித் தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்களோடு நாமும் சுமந்தோம். உன் காலை ஏதோ கிழித்தது. முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தாய். பொழுது சாய்வதற்குள் அங்கே சோறு வெந்தது.

வெள்ளம் வடிந்ததும் கூட்டம் போட்டார்கள். இனி லாரி, கிடங்கு, சமையல்கூடம் எல்லாம் எல்லாத் துறைக்கும் பொது என்று பேசினார்கள். நீ வரவில்லை. காய்ச்சல். அந்தக் காயத்தில் தொற்றிய எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்கள் மஞ்சளாக, “முடிவு பண்ணிட்டாங்களா?” என்றாய்.

“பேசிக்கிட்டிருக்காங்கடி.”

“பேசுவாங்க. அதுக்குள்ள அடுத்த தண்ணி வந்துடும்.”

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

துறைகளின் பேச்சு இன்னும் முடியவில்லை. லாரிக்குக் கேட்டேன், மேலே கேட்க வேண்டுமாம். சமையல்கூடத்துச் சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. மேற்கே பெய்த மழையில் வாய்க்கால் தண்ணீர் நேற்றைவிடக் கரைக்கு நெருங்கியிருக்கிறது.

உன் துணிச்சல் எனக்கு வரவில்லை. உன் அவசரம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. காலையிலேயே ஊர்க்காரர்களின் டிராக்டர்களை வரவழைத்து, தண்ணீர் வருமுன்னே பூவத்துக்கு அரிசி அனுப்பத் தொடங்கிவிட்டேன். மேலே இருந்து கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாது. முதல் டிராக்டர் இப்போதுதான் கிளம்பியது. காற்று சுத்தமாக நின்றுபோயிருக்கிறது.