பொம்மை கேட்காத மன்னிப்பு

இன்று காலையில் மண்ணெண்ணெய் வாங்கப் போன கடையில் உங்கள் தகரக் குழாயைப் பார்த்தேன். வாயில் வைத்துக்கொண்டு கொட்டகை முழுக்கக் கேட்கும்படி படத்துக்குக் கதை சொல்வீர்களே, அதே குழாய். கடைக்காரர் அதன் அகன்ற வாய்க்குள் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் உதடு வைக்கும் பக்கம் என் போத்தலுக்குள் இருந்தது. ஊர் ஊராகப் படம் காட்டப் போன நாளில் ரவாங்கில் லோரியிலிருந்து விழுந்து நசுங்கிய இடம் அப்படியே இருக்கிறது.

"இது எங்க வீட்டுக்காரரோடது" என்றேன்.

"யாரோ பழைய சாமானோட போட்டுட்டுப் போனாங்கக்கா. நல்லா ஊத்துது" என்றார் அவர்.

வீட்டிலிருந்த புனலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்தேன். சீயக்காய் போட்டு மூன்று தரம் கழுவியும் எண்ணெய் வாடை போகவில்லை. அதற்கு அடியில் உங்கள் வெற்றிலை வாடையும் இருப்பதாகத் தோன்றுகிறது. என் மூக்கின் கோளாறாகவும் இருக்கலாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உருகி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நமக்குள் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது.

இப்போது படங்களே பேசுகின்றன, பாடுகின்றன. அன்றைக்கு ஊமைப்படம், எல்லார் வாயும் நீங்கள்தான். ராஜாவுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு கனைப்பு. படத்துக்கு நடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்து, தமிழில் விளாசித் தள்ளுவீர்கள். ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் உங்களுக்காகவே வந்தார்கள், மறுக்கவில்லை.

அந்தப் பொம்மைப் படம் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வந்தபோதுதான் உங்களுக்குச் சிக்கல் வந்தது. வெள்ளைக்காரன் ஒருவன், மடியில் ஒரு மரப்பொம்மை. உதடு அசைக்காமல் பேசி, பொம்மை பேசுவதாகக் காட்டிப் பிழைக்கிறவன். போகப் போகப் பொம்மை தானாகவே பேசத் தொடங்கி, அவன் மறைத்து வைத்ததையெல்லாம் மேடையில் போட்டு உடைக்கிறது. பொம்மைதான் பேசுகிறதா, அவனுக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டதா என்பது கடைசிவரை தெரியாது. இறுதியில் சுத்தியலால் அதன் தலையைப் பிளந்துவிட்டு, மறுநாள் தனியாக மேடையேறி வாயைத் திறக்கிறான். எதிரே இருப்பவர்கள் காதுக்குப் பின்னால் கை வைத்துக் குனிகிறார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதோடு படம் முடிந்துவிடும்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சண்டை போடும் இடங்களில் உங்கள் ஒரு தொண்டை போதவில்லை. "இந்தா புள்ள, பொம்மைக்கு நீ குரல் குடு. நான் சொல்லித் தர்றத மட்டும் சொல்லு, போதும்" என்றீர்கள். திரைக்குப் பின்னால் தரையில் உட்காரும் பெண்களோடு என்னை உட்கார வைத்தீர்கள். அங்கிருந்து பார்த்தால் படம் இடவலமாகத் தெரியும். நீங்கள் பார்த்த பொம்மை ஒரு கையில் இருந்தது, நான் பார்த்த பொம்மை மறு கையில். கீச்சென்று ஒரு குரலை எங்கிருந்தோ பிடித்து வந்தேன். முதல் நாளே என் பக்கத்தில் இருந்தவள் பயந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் குரல் உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் கேட்டீர்கள், முதலில் விளையாட்டாகத்தான். அம்மாவைப் பார்க்க மேருவுக்குப் போகணும் என்று நான் சொன்னால் காதிலேயே விழாது. "பொம்மக் குரல்ல கேளு, விடுறேன்" என்பீர்கள். கேட்டேன், விட்டீர்கள். அப்புறம் உப்பு, விறகு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள், எல்லாமே அந்தக் கீச்சுக் குரலில் கேட்டால்தான் நடந்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். சிரித்தது என் தப்புதான்.

ஒரு நாள் காலையில் நாம் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில், தண்ணீர்க் குழாயடியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாவிடம் "தண்ணி வருதா?" என்று கேட்டேன். ரயில்வே குமாஸ்தாவின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர், மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவர். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது பொம்மையின் குரல். திரும்பவும் கேட்டேன், திரும்பவும் அதுவே வந்தது. ஒரு வாரமாக வீட்டில் பேசியது முழுக்கப் பொம்மைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடத்தை விட்டுவிட்டு அழுதேன்.

அவர் என் முதுகைத் தடவிவிட்டு, சந்தேகமாகவே கேட்டார். "முந்தாநாள் படம் பாக்க வந்தனான். அந்தப் பொம்மை மன்னிப்புக் கேக்கேல்லையே. எழுத்தில வேற கிடக்கு. உங்கட மனுசன் ஏன் மாத்திச் சொல்லுறார்?"

சுத்தியலை ஓங்கும் இடத்தில் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "எசமானே, என்ன மன்னிச்சிருங்க. இனிமே வாயே தொறக்க மாட்டேன்." படத்தில் எழுதியிருந்தது என்ன என்று அவர் சொன்னார். அதை அன்று முழுக்க எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், என் சொந்தக் குரலில்.

உங்களிடமும் கேட்டேன். மழுப்பவில்லை நீங்கள், அதற்காக உங்களுக்கு ஒரு மதிப்பு. "முன் நாற்காலியில தோட்டத்து ஆபீஸ் கிராணிங்க உக்காந்திருக்காங்க. பொம்ம எசமான எதுத்துப் பேசுனா லயத்துக் கூலியாளுங்க கை தட்டுவாங்க. அப்புறம் நம்ம கொட்டகைய இழுத்து மூடிட்டு ரெண்டு பேரும் எங்க போறது? சொன்னதச் சொல்லு." அப்புறம் சிரிக்காமல், "சரின்னு பொம்மக் குரல்ல சொல்லு" என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அதையே சரி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

மறுவாரம் கிள்ளானில் முதல் ஆட்டம். மேரு பக்கத்துத் தோட்டத்து ஆட்களால் கொட்டகை பிதுங்கியது. சுத்தியல் மேலே போயிற்று. குழாயை இறக்கிவிட்டு என் குரலுக்காக நீங்கள் காத்திருந்தீர்கள். உங்கள் பிழைப்பு போய்விடும், ஒண்டியிருக்கிற ஒற்றை அறையும் போய்விடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். எழுந்து நின்றேன். படத்தில் எழுதியிருந்ததை, கீச்சுக் குரலில் இல்லை, என் குரலிலேயே சொன்னேன்.

"என்ன உடச்சிட்டா, நீ யாரு வாயால பேசுவே?"

பின்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் படத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சுத்தியல் இறங்கியது. அடுத்து உங்கள் முறை. அவன் மேடையேறி வாயைத் திறக்கும் இடத்தில் விசுவாசத்தைப் பற்றிச் சொந்தமாக ஒரு பிரசங்கம் வைப்பீர்கள், கிராணிமார் தலையாட்டுவார்கள். அன்று ஒன்றும் வரவில்லை. நீங்கள் குழாயை வாயருகே வைத்துக்கொண்டு நின்றது திரை வழியாக எனக்கு நிழலாகத் தெரிந்தது. அவன் வாயை ஆட்டுகிறான், கொட்டகையில் சத்தமே இல்லை. படம் சுற்றுகிற இயந்திரம் மட்டும் கடகடத்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ சாமி" என்று முனகினாள். அத்தனை நாள் ஓடிய படத்துக்கு ஜனங்கள் நிஜமாகப் பயந்தது அன்றுதான்.

அன்று கிராணிமாரும் பயந்துதான் போனார்கள், புகார் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையிலேயே அதற்காக டிக்கெட் கேட்டு வந்த கூட்டம் இரண்டு மடங்கு. முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்து, "இதே மாதிரி தெனமும் செய்யுங்க" என்றார். முந்தின ராத்திரியிலிருந்து என்னோடு பேசாத நீங்கள் லோரியில் ஏறும்போது எங்கோ பார்த்துக்கொண்டு, "அதையே சொல்லு, இன்னைக்கும்" என்றீர்கள்.

"சொல்றேன். ஆனா வீட்டுல இனி பொம்ம பேசாது" என்றேன்.

நீங்கள் லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கப்புறம் கடைசிவரை வீட்டில் பொம்மையைக் கூப்பிடவே இல்லை. அதை உங்கள் கணக்கில் நல்லதாகவே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் தப்பு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்கள் பக்கத்துச் சொந்தமெல்லாம் நாலு பேர் நடுவில் புருஷன் வாயை அடைத்தவள் என்று என்னைப் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு என் வாய்மேல் ஒரு கண். போன மாதம் துணி வெளுக்கும் ஒருத்தி வந்து, "எங்கள வேல வாங்குற மண்டோருகிட்ட எனக்காக நீங்க பேசுங்கக்கா, எனக்கு வாய் வரல" என்றாள். முடியாது என்றேன். "நீ பேசு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போனேன். திக்கித் திணறித்தான் பேசினாள். நடுவில் எனக்கு நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எழுதுவதும் இப்படித்தான். அந்த யாழ்ப்பாணத்து அம்மா எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம், எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் கை.

கடைசியாக, நீங்கள் போன சாயங்காலத்துக்கு வருகிறேன். தொண்டையில் கட்டி வந்து உங்களுக்குக் குரலே போய்விட்டது. ஊரையே பேச வைத்தவருக்கு அப்படியொரு சாவு வந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் அக்கா ரவாங்கிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "இப்பயாவது அவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுரு புள்ள" என்று காலையிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தார். அப்போது நீங்கள் என்னைப் பார்த்து வாயை அசைத்தீர்கள். நாலைந்து வார்த்தை இருக்கும், சத்தம் இல்லை. திரும்பவும் அசைத்தீர்கள்.

"என்னடி சொல்றான்? ஒனக்குத்தானே அவன் பேச்சு வெளங்கும்" என்றார் அக்கா.

வீட்டில் இருந்த எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த நிமிஷம் நான் என்ன சொன்னாலும் அது உங்கள் கடைசி வார்த்தையாகியிருக்கும். மன்னிச்சிட்டேன்னு சொல்றார் என்று சொல்லியிருந்தால், சொந்தமெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கும். என்ன மன்னிச்சிருன்னு சொல்றார் என்று சொல்லியிருந்தால், என் வழக்கு அங்கேயே ஜெயித்திருக்கும். இரண்டுமே நாக்கு நுனிவரை வந்தன.

"தெரியல அண்ணி. அவரு வாயில நான் வார்த்த வைக்க மாட்டேன்" என்றேன்.

உங்கள் கண் என்மேலேயே இருந்தது. நீங்கள் ஒரு முறை தலையசைத்தீர்கள், அல்லது தலையணை சரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. காலில் விழாமல் நின்றவள் என்று அதற்கும் ஊர் பேசியது.

குழாய் கழுவிக் காய்ந்துவிட்டது, அடுப்பங்கரை ஆணியில் மாட்டப் போகிறேன். அந்த உதட்டசைவை எனக்குச் சாதகமாகப் படித்துப் பார்க்க இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் ஆசை வந்திருக்கிறது. படிக்கவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்களோ, அது இன்னும் உங்களுடையதாகவே என்னிடம் இருக்கிறது.