கேசட்டில் இல்லாத ஸ்டெல்லா

1986 ஜூன் 7, சனி

வெயில் தாங்கல. கே.கே. நகர் முழுக்கக் குழாயில தண்ணி இல்ல. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வந்தாச்சு. கேசட் ஸ்ரீரங்கத்துக் கடையில கிடைச்சது. மக ரெஜி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு உட்கார வச்சிருந்தா. "எங்க அம்மா வருவாங்க."

ஸ்டெல்லா காலேஜ் படிக்கிறப்ப ஷூட்டிங்காரங்க ஸ்ரீரங்கம் வந்திருக்காங்க. அம்மா மண்டபம் படித்துறையில குடத்தோட ஏறி வந்து, ஹீரோவுக்கு வழி சொல்ற பொண்ணு. ரெண்டே வரி வசனம். கல்யாணத்துக்கு முந்தி வந்த படம், நான் பார்த்ததில்ல. கேட்டா வெட்கப்படுவா. "கண்ணை மூடித் திறந்தா போயிடும், விடுங்க."

ஹீரோ பஸ்ஸை விட்டு இறங்கினான். அடுத்து நேரா ஹீரோயின் வீடு. படித்துறையே இல்ல. கேசட்டைத் திரும்பத் திரும்பப் பின்னால சுத்திப் பார்த்தோம். பிள்ளைகள் ஒவ்வொண்ணா எழுந்து போயிருச்சுங்க.

ரெஜி அழல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அவ அம்மா மஞ்சள் காமாலையில போனப்ப அவளுக்கு ரெண்டு வயசு. போட்டோ இருக்கு. அசையறதைப் பார்த்ததில்ல, பேசறதைக் கேட்டதில்ல.

ஜூன் 9, திங்கள்

அரை நாள் லீவு. கேசட்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்ரீரங்கம். கடைக்காரர் நிதானமாச் சொன்னார்: படம் நீளம், டேப்புல அடங்காது, எங்கயாவது வெட்டித்தான் ஆகணும். பாட்டு, சண்டை, காமெடியில கை வச்சா ஜனங்க கேப்பாங்க. "வழி சொல்ற பொண்ணை யாருங்க தேடப் போறாங்க?"

நான் யாருன்னு சொல்லல.

தியேட்டர்ல ஓடின முழுப் படம் எங்கயாவது இருக்குமான்னு கேட்டேன். மலைக்கோட்டைக்குக் கீழ சந்துல ஒரு விநியோகஸ்தர் ஆபீஸ் காட்டினார். ஜவுளி மூட்டைகளுக்கு நடுவுல மாடிப்படி. மேல ஒரு பெரியவர். ஒரே பிரிண்ட்தான் மிச்சமாம், வையம்பட்டி டூரிங் கொட்டகையில ஓடுது. வியாழனோட சரி. பிலிம் பொட்டி திரும்பினதும் பிலிமைக் கழுவி வெள்ளி எடுக்கப் போட்டுருவாங்களாம்.

மாவு வாங்க மறந்தாச்சு. ராத்திரி உப்புமா.

ஜூன் 12, வியாழன்

அமல்ராஜ் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கறவன், ஸ்டெல்லாவுக்குச் சித்தப்பா மகன். ரெண்டு பேரும் காமிராவைக் குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு பஸ்ல. ரெஜியைக் கூட்டிப் போகல. அங்கயும் இல்லன்னா?

திரையில ஓடறதைக் காமிராவுல பிடிக்கக் கொட்டகை முதலாளி முதல்ல ஒத்துக்கல. அமல்ராஜ் விஷயத்தைச் சொன்னான். அவர் காமிராவுக்கு இடம் விட்டு ஆம்பளைங்க பக்கம் ரெண்டு பெஞ்சை நகர்த்தச் சொன்னார்.

காத்து. திரை ஆடுது. தேஞ்ச பிலிம், படம் பூரா மழைக்கோடு. பஸ், ஹீரோ இறங்கறான். படித்துறை.

வந்தா.

எனக்குத் தெரியாத ஸ்டெல்லா. ரெட்டைச் சடை, இடுப்புல குடம், மூச்சு வாங்க ஏறி வரா. முந்தானையால முகம் துடைக்கிறா, வீட்டுல துடைக்கிற அதே மாதிரி. வாயைத் திறந்தா. கீச்சுக் குரல். "நேரா போய் இடது பக்கம் திரும்புங்க. மழை வரப் போகுது, சீக்கிரம் போங்க."

அவ குரல் இல்ல. ஸ்டெல்லாவுக்குத் தடிச்ச குரல், ஜலதோஷம் பிடிச்ச மாதிரி. மெட்ராஸ்ல யாரையோ பேச வச்சு ஒட்டியிருக்காங்க.

அமல்ராஜ் காமிராவை விட்டுக் கண்ணை எடுக்கல. தோள் குலுங்குச்சு.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து, அமல்ராஜ் எடுத்த கேசட்டைப் போட்டோம். படம் கொஞ்சம் ஆடுது, நடுவுல யாரோ இருமறாங்க. ரெஜி டிவி கிட்ட போய் உட்கார்ந்து பார்த்தா. மறுபடி. மறுபடி. சிரிச்சா. "அம்மா குரல் கிளி மாதிரி இருக்குப்பா."

ஆமான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. அது வேற யாரோ பேசினதும்மா, முகம் மட்டும்தான் அம்மான்னேன்.

டிவியை விட்டு என் பக்கம் திரும்பினா. "அப்ப அம்மா எப்படிப் பேசுவாங்க? நீங்க பேசிக் காட்டுங்க."

ஸ்டெல்லா என்னைக் கூப்பிடறதை, ரெஜியைத் திட்டறதை, ஆஸ்பத்திரியில கடைசியா தண்ணி கேட்டதை நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். வார்த்தை எல்லாம் வருது. எல்லாத்தையும் அந்தக் கீச்சுக் குரல்தான் பேசுது.

ரெஜி இன்னும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கா.