ஏரிக்குள் இருந்த திட்டு

அத்தான்,

இன்று காலை உங்கள் வரைபடம் இருக்கும் தகரக் குழலைத் திறந்தேன். நனைந்து காய்ந்த துணியின் வாடையும் பாச்சை உருண்டை நெடியும் சேர்ந்து முகத்தில் அடித்தன. துணி ஒட்டிய அந்தப் பழைய சர்வே வரைபடத்தை மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்த அன்று, அக்காவையும் என்னையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னீர்கள். "நூறு வருஷத்து வாசனை" என்றீர்கள். எனக்கு எலி ஞாபகம்தான் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாந்தோமிலிருந்து மாம்பலம் வரை எங்களை வெயிலில் நடத்திக் கூட்டிப் போவீர்கள். புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெருக்களில் நின்று, இல்லாதவற்றை எல்லாம் காட்டுவீர்கள். "இது மதகு. அது வெத்தலைத் தோட்டம். இப்ப நீங்க நிக்கிறது தண்ணிக்குள்ள." ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள் என்பது பட்டணத்தில் யாருக்குத் தெரியாது? நீங்களே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்துவீர்கள். அக்கா வாயைப் பிளந்து கேட்பாள். நான் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள், ஆனாலும் வரைபடத்தை என் கையில் தர மாட்டீர்கள். "டீச்சரம்மா, இது உங்க ஸ்கூல் மேப் இல்ல" என்று ஒரு இளிப்பு வேறு.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் ஓடியபோது மனை விலை இறங்கியது. அக்காவின் நகைகளை விற்று மாம்பலத்தில் மனை வாங்கினீர்கள். "ஏரியிலா வீடு?" என்று கேட்டேன். வரைபடத்தில் ஒரு வட்டத்தைத் தட்டினீர்கள். "ஏரிக்குள்ள ஒரு திட்டு இருந்திருக்கு. ஊரே முழுகினாலும் இது முழுகாது. வெள்ளைக்காரன் அளந்தது பிசகாது."

வீடு கட்டி முடித்த ஐப்பசியில் ஊர் முழுகியது. எல்லாருக்கும் முன்னால் முழுகியது உங்கள் திட்டுதான். நான் வந்து பார்த்தபோது அக்கா மாதா சுரூபத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். நீங்களோ சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்று, குழலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கால்வாய் வெட்டாதவர்களை வைதுகொண்டிருந்தீர்கள். மூடி போட மறந்த குழலுக்குள் ஓட்டுச் சந்து வழியாக மழை நேரே இறங்கிக்கொண்டிருந்தது. சே, இந்த மனிதருக்கா என் அக்காவைக் கொடுத்தோம் என்று வந்தது.

நனைந்த வரைபடத்தை என் வீட்டுக் கொடியில் காயப்போட்டபோதுதான் முதல்முறையாகப் படித்தேன். அந்த வட்டத்தைச் சுற்றிலும் கண்ணிமை மயிர் போலச் சின்னக் கோடுகள். தடித்த முனை மேட்டுப் பக்கம், மெலிந்த முனை பள்ளத்துப் பக்கம். இது என் மாணவிகளுக்கே தெரியும். மெலிந்த முனைகள் எல்லாம் வட்டத்துக்குள் பார்த்தன. அது திட்டு இல்லை, குழி. அவ்வளவு பெரிய ஏரியில் ஆழமான இடத்தைத் தேடிப் பிடித்து வீடு கட்டியிருக்கிறீர்கள்! வெள்ளைக்காரன் பிசகவில்லைதான்.

சொன்னேன். "சர்வே மேப்ப அப்படிப் படிக்கக் கூடாது டீச்சரம்மா" என்றீர்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் திட்டுக் கதைதான். மழைக்கு முன்னால் வருஷம் தவறாமல் கட்டில், பீரோ கால்களுக்கெல்லாம் செங்கல் வைப்பீர்கள். எதற்கு என்று கேட்டால், "கரையானுக்கு."

கோடையில் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று அக்காவிடம் சொன்னேன். இன்று திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு ஜவுளிக்கடை பாய் வீடு பார்க்க வந்தார். "இன்னாம்மா, மழை பேஞ்சா தண்ணி நிக்குமா? போற இடமெல்லாம் மேடுன்னுதான் சொல்லிக்கினு கீறாங்க."

"அவரோட மேப்ப எடுத்துக் காட்டுடி" என்றாள் அக்கா.

விரித்தேன். நீங்கள் தட்டித் தட்டி அழுக்கேறிய அந்த வட்டத்தைப் பார்த்ததும், உங்களை ஒருமுறையாவது வெளியாள் முன்னால் தோற்கடிக்க வேண்டும் போலிருந்தது. "இது குழி, பாய். தண்ணி நிக்கும்" என்றேன். அவர் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அழுவாள் என்று பார்த்தேன். அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். "அவருக்குத் தெரியும்டி. மொத மழையிலயே தெரிஞ்சிடுச்சு. அன்னிக்கி ராத்திரியே என்கிட்ட சொல்லி அழுதாரு. 'உன் தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம், சிரிப்பா'ன்னாரு."

"அப்போ செங்கல்?"

"கரையானுக்கு யாராவது செங்கல் வைப்பாங்களா? நீயும் படிச்சவதானே."

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அத்தான். என் ஒருத்தியின் சிரிப்புக்குப் பயந்து, தெரிந்தே எத்தனை பேரிடம் அந்தப் புளுகை அளந்தீர்கள்! அக்காவும் என்னிடம் மூச்சு விடவில்லை. இருவரையும் நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐப்பசி பிறந்துவிட்டது. அக்காவால் குனிய முடியாது. செங்கற்கள் நீங்கள் அடுக்கியபடியே கொல்லையில் இருக்கின்றன. நாளை பள்ளி விட்டதும் நான்தான் போய் வைக்க வேண்டும். யாராவது கேட்டால், கரையானுக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.